பந்து போகலாம்

பரிசுக் கிடாவைக் கோல்போஸ்டுக்குப் பின்னால் இருந்த பலா மரத்தில் கட்டியிருந்தார்கள். கொம்பில் மஞ்சள், கழுத்தில் சாமந்தி மாலை. வாய்க்கு எட்டிய வரைக்கும் மாலையைத் தின்று தீர்த்திருந்தது. பந்து அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

மலையில் கரியாலூரைத் தாண்டி மேலே ஏறினால் அந்த ஊர். பொங்கல் கழிந்ததும் காளி கோயில் பொட்டலில் பந்தாட்டம் நடக்கும். ஜெயித்தவர்களுக்குக் கிடா. ஆனால் அதை யாரும் ஓட்டிக்கொண்டு போக முடியாது. ஆட்டம் முடிந்ததும் அங்கேயே அறுத்து, ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் ஒரே பந்தியில் தின்றுவிட்டுத்தான் எழ வேண்டும். ஆட்டம் பாதியில் நின்றால் கிடாவை அறுக்கக் கூடாது. காளிக்குச் சொன்ன கிடா அறுபடாமல் நின்றால் ஊருக்கு ஆகாது.

மலையடிவாரத்து அரசுப் பள்ளியில் பி.டி. வாத்தியார் தீனதயாளன். வருஷா வருஷம் தன் பையன்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இந்த ஆட்டத்துக்கு வருவார். இடைவேளையில் பையன்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். இரண்டு பக்கமும் கோல் இல்லை.

"சார், ஜீவா பூந்து பூந்து போறான். எங்க நின்னாலும் போறான்" என்றான் அஜித்குமார்.

அஜித்குமார் அவருடைய மகன். அவனும் சார் என்றுதான் சொல்ல வேண்டும். கிரவுண்டில் அப்பா கிடையாது என்று ஆறாவது படிக்கும்போதே அவனுக்குச் சொல்லிவிட்டார்.

"நீ எங்க நிக்கற, எப்பிடி நிக்கற? கால அகட்டி நில்லு. எத்தினி தடவ சொல்லிக்கினு இருக்கறேன். பந்து போகலாம். ஆள் போகக் கூடாது."

"ஜீவா சார்."

"எவனா இருந்தா இன்னா?"

அவர் சொன்னது அவ்வளவுதான். ஒவ்வொரு ஆட்டத்திலும் சொல்வது. சிதம்பரத்தில் கல்லூரிக்கு ஆடிய காலத்தில் அவருக்கு ஒருவர் சொன்னது. அப்போது அவருக்குக் கட்டை தீனா என்று பெயர். ஸ்டாப்பர் பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஆள். அவரைத் தாண்டி ஓடியவர்களில் பாதிப் பேர் அடுத்த ஆட்டத்துக்கு வரவில்லை. பல்கலைக்கழக அணி வரைக்கும் போனார். பிறகு அவருடைய முட்டியும் போனது. படித்து முடித்து வேலைக்கு வந்தார்.

முதல் பள்ளி மணலூர்பேட்டை. அங்கே கிரவுண்டு இல்லை. கரும்பு வெட்டிய கொல்லையில், குத்துகிற கட்டைகளுக்கு நடுவே பிள்ளைகளை ஓடவிட்டார். அடுத்து சின்னசேலம் பக்கம். அங்கே கிரவுண்டு இருந்தது, பந்து இல்லை. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். பதிலுக்குத் தன் வகுப்பில் அடங்காத பையனைத் தீனதயாளனிடம் அனுப்பிவைப்பார். எந்தப் பள்ளிக்குப் போனாலும் அவரிடம் எதிர்பார்த்தது அதைத்தான். அடிப்பதற்கு ஒரு ஆள் வேண்டும். அடிக்கக் கூடாது என்று உத்தரவு வந்த பிறகும் அனுப்பினார்கள். "பாத்து சார்" என்று மட்டும் சேர்த்துச் சொன்னார்கள். அவர் விசில் கயிற்றை இரண்டாக மடித்து அடிப்பார். தழும்பு விழாது, வலிக்கும்.

கடைசியாக வந்த இந்தப் பள்ளியில்தான் ஜீவா கிடைத்தான். மலையிலிருந்து விடுதிக்கு வந்த பையன். சரிவில் ஓடி வளர்ந்த கால். முதல் நாளே பந்தை நிறுத்தாமல் நான்கு பேரைத் தாண்டிப் போனான். இப்போது பன்னிரண்டாவது படிக்கிறான். அடுத்த மாதம் மாநில அணித் தேர்வு. தீனதயாளன் இத்தனை வருஷத்தில் அந்த வாசல் வரைக்கும் கொண்டுபோன ஒரே ஆள். பொங்கலுக்கு மட்டும் அவன் எதிர்ப்பக்கம் ஆடுவான். காளி பொட்டலில் பிறந்த ஊருக்குத்தான் ஆட வேண்டும்.

இரண்டாம் பாதியில் பனி இறங்கத் தொடங்கியது. ஜீவா நடுவிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு வந்தான். இடப்பக்கம் சாய்ந்து வலப்பக்கம் தட்டினான். பந்து அஜித்குமாரைத் தாண்டிப் போனது. அஜித்குமார் பந்தைப் பார்க்கவில்லை. பூட்ஸ் போட்ட காலை நீட்டி முழு உடம்பையும் அதன் பின்னால் போட்டான்.

காய்ந்த மரவள்ளிக் குச்சியை முட்டியில் வைத்து ஒடித்தது போல் சத்தம் கேட்டது. கோட்டுக்கு வெளியே நின்ற தீனதயாளனுக்கு அது தெரிந்த சத்தம்.

ஜீவாவின் வலது கால் முட்டிக்கும் கணுக்காலுக்கும் நடுவே மடங்கியிருந்தது. மடங்கக் கூடாத இடம். அவன் அதைக் கையால் நிமிர்த்தப் பார்த்தான். பிறகுதான் கத்தினான்.

ஊர் உள்ளே இறங்கியது. கழி எடுத்தவர்கள் எடுத்தார்கள், கல் எடுத்தவர்கள் எடுத்தார்கள். தீனதயாளன் எல்லோருக்கும் முன்னால் ஓடினார். மகனின் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தி, முகத்தில் அறைந்தார். கீழே விழுந்தவனைத் தூக்கி மறுபடியும் அறைந்தார். கயிற்றை மடிக்க நேரமில்லை. விசிலோடு சேர்த்து வீசினார். உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் ஓடியது. நிறுத்தாமல் அடித்தார். ஒரு வாத்தியார் அடித்துக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் நின்று பார்ப்பார்கள் என்பது அவருக்குப் பல பள்ளிக்கூடங்களில் தெரிந்த விஷயம். இப்போதும் நின்றார்கள்.

"போதும் வுடு சாரே, செத்துடப் போறான்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அஜித்குமார் மண்ணில் உட்கார்ந்து வாயைத் துடைத்தான். அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"நீங்கதான சார் சொன்னீங்க."

ஜீவாவின் அப்பா முனியன் மகனின் பாதத்தை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டிருந்தார். குட்டையான மனிதர். பேச்சு கம்மி. யாரோ மூங்கில் தப்பை வெட்டிக்கொண்டு வந்து வேட்டித் துணியால் காலோடு சேர்த்துக் கட்டினார்கள். ஜீப்பில் அவனைக் குறுக்கே படுக்க வைத்ததும் அம்மா சாலம்மாள் ஏறித் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். தாய்மாமன் ஒருவர் பின்னால் தொற்றிக்கொண்டார். வேறு யாருக்கும் இடமில்லை.

தீனதயாளன் ஜீப் பக்கத்தில் போய் நின்றார். ஜீவா கண்ணைத் திறந்தான்.

"ட்ரையல்ஸ் சார்" என்றான்.

ஜீப் கள்ளக்குறிச்சிக்கு இறங்கியது.

பொட்டலில் யாரும் கலையவில்லை. ஊர்க்கவுண்டர் பிச்சைமுத்து கிடாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். வயசானவர். காதில் பீடி.

"பனி எறங்கிடுச்சி. பந்து தெரியல. மீதிய நாளைக்கு மத்தியானம் ஆடுங்க."

"கவுண்டரே, பையன் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருக்கறான். இதுல இன்னா ஆட்டம்?" என்றார் தீனதயாளன்.

"கிடா நிக்குது சாரே."

"எங்களத் தோத்ததா வெச்சிக்குங்க. அறுத்துடுங்க."

"அது கணக்கு இல்ல. ஆடித்தான் முடிக்கணும். இன்னிக்கு ஆடுன அதே ஆளுங்க. ஒருத்தனும் மல எறங்கக் கூடாது." பீடியைக் காதிலிருந்து எடுத்து அஜித்குமாரைச் சுட்டினார். "அவன் கண்டிப்பா நிக்கணும்."

எதிர் அணியில் ஆடிய இளவட்டங்கள் அஜித்குமாரின் கால்களைப் பார்த்தார்கள். முகத்தை ஒருவனும் பார்க்கவில்லை.

மற்ற பையன்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்குவார்கள். தீனதயாளனும் மகனும் எப்போதும் முனியன் வீட்டில். இந்தத் தடவை அவர் மகனைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்தார். பின்னால் முனியனின் குரல் கேட்டது.

"எங்க போறீங்க சாரு? வூடு இங்க இருக்குது."

வீட்டில் முனியனின் மூத்த மகள் இசைவாணி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். அதே அடிவாரப் பள்ளியில் பத்தாவது வரைக்கும் படித்தவள். சாமைச் சோறும் தட்டைப்பயறுக் குழம்பும் வைத்தாள். அஜித்குமாரால் கிழிந்த உதட்டோடு மெல்ல முடியவில்லை. காரம் பட்டதும் கண்ணில் நீர் வந்தது.

"அவுனுக்கு மோர் ஊத்தும்மா" என்றார் முனியன்.

"ஊத்தறேன். மோரு ஒண்ணுதான் கொறச்சல்." ஊற்றினாள். "சார், என்ன ஞாபகம் இருக்குதா ஒங்களுக்கு?"

"ஜீவா அக்கா."

"அதுக்கு முன்ன. ப்ரேயருக்கு லேட்டுன்னு கைய நீட்டச் சொல்லுவீங்க. கயித்தால."

தீனதயாளன் சோற்றைப் பிசைந்தார்.

"மல பஸ்சு லேட்டு சார். நாங்க லேட்டு இல்ல. சொன்னா அதுக்கு ஒண்ணு சேத்து வுழும்."

"சாப்புடட்டும் வுடு" என்றார் முனியன்.

"சாப்புடட்டும். நான் இன்னா தட்டையா புடுங்கறேன்?"

வீட்டில் போன் எடுக்காது. சாப்பிட்டதும் முனியன் பாறைமேல் ஏறிப் பேசிவிட்டு வந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார்.

"ரெண்டு எலும்பும் ஒடிஞ்சிருக்குதாம். ஆப்ரேசன் பண்ணி பிளேட்டு வெக்கணுமாம். வெயிலு காலம் முடியற வரைக்கும் ஊனக் கூடாதாம்."

"ஆட்டம்?" என்றாள் இசைவாணி.

"அத நான் கேக்கல."

அஜித்குமார் எழுந்து வெளியே போனான். தீனதயாளன் பின்னால் போய்ப் பார்த்தார். கூரை எரவாணத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அவர் முதுகைத் தடவக் கையைக் கொண்டுபோனார். அவன் தோளைச் சுருக்கினான். அடி வரும் என்று நினைத்துச் சுருக்குகிற சுருக்கு. பல பையன்களிடம் பார்த்தது. கையை எடுத்துக்கொண்டார்.

"காலீல மொத பஸ்சுக்கு நீ எறங்கிடு. நான் பாத்துக்கறேன்."

"சரி சார்."

"வூட்லதான்டா இருக்கறோம்."

"சரி சார்" என்றான் மறுபடியும்.

விடிந்தபோது பனி முட்டி உயரத்துக்கு நின்றது. அப்பாவும் மகனும் பாதையில் இறங்கினார்கள். பஸ் நிற்கும் மதகுக் கட்டைமேல் இளவட்டங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் கையில் கொடுவாள். மூங்கில் கழி ஒன்றைச் சீவிக்கொண்டிருந்தான்.

"இன்னா சாரே, வாக்கிங்கா?"

"ஆமாம்ப்பா."

"பையோடயா?"

அஜித்குமார் தோள்பையைப் பின்னால் தள்ளினான்.

"போங்க சாரே. பனியில சளி புடிச்சிக்கும். மத்தியானம் வெளையாடணும் இல்ல." சீவிய கழியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். "தம்பி, ஒனக்கு எந்தக் காலு வரும்? ரைட்டா, லெப்டா?"

அஜித்குமார் வலது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"கேட்டா சொல்லணும். ரைட்டுதான? நேத்து ரைட்டாலதான் போட்ட."

மற்றவர்கள் சிரித்தார்கள். பஸ் வந்தது. நின்றது. ஒருவரும் ஏறவில்லை. போனது.

தீனதயாளன் திரும்பி நடந்தார். எப்படி நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். அவர் ஆடிய காலத்தில் அப்படித்தான் நடக்கும். பந்து அஜித்குமார் பக்கம் போகும். மூன்று பேர் சேர்ந்து போவார்கள். ஒருவன் பந்துக்கு, இரண்டு பேர் காலுக்கு. ரெஃப்ரி விசில் ஊதுவதற்குள் முடிந்துவிடும். யார் என்று சொல்ல முடியாது. அவரே அப்படிப் போயிருக்கிறார்.

முனியன் கொல்லையில் மரவள்ளி பாதி பிடுங்கியிருந்தது. பிடுங்கிய கிழங்கு வரப்போரம் குவிந்து கிடந்தது. நாளைக் காலை சின்னசேலத்திலிருந்து ஜவ்வரிசி ஆலை லாரி வரும். பிடுங்கிய கிழங்கு இரண்டு நாள் தாண்டினால் உள்ளே நீலம் பாய்ந்துவிடும். மலைக்கு லாரி இரண்டாந்தடவை ஏறாது. இசைவாணி கொடுவாளால் செடியை முழங்கால் உயரத்தில் வெட்டிக்கொண்டே போனாள். முனியன் பின்னால் வந்து மீந்த கட்டையைப் பிடித்து, காலை அகட்டி, மூச்சை இழுத்து, மேலே தூக்கினார். மண் பிளந்து கிழங்கு கொத்தாக வந்தது. ஜீவா லீவுக்கு வந்ததே இதற்குத்தான். ஆட்டம் முடிந்ததும் கொல்லையில் இறங்குவதாக இருந்தான்.

தீனதயாளன் சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு வரிசையில் இறங்கினார். அஜித்குமார் அடுத்த வரிசையில். மண் இறுகியிருந்தது. இரண்டு கட்டை பிடுங்குவதற்குள் உள்ளங்கை தோல் உரிந்தது. முட்டி வலித்தது. முனியன் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போவல நீங்க?" என்று தீனதயாளன்தான் பேச்சை எடுத்தார். "ஜீவா கிட்ட?"

"ஆட்டம் முடியட்டும். கவுண்டரு சொல்லிட்டாரு. அப்பறம் லாரி. அப்பறம் போவணும்."

"கோவம் இல்லியா ஒங்களுக்கு?"

முனியன் கட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இருக்குது சாரு. இன்னா பண்றது சொல்லுங்க. ஒம்புள்ள கால நான் ஒடச்சா எம்புள்ள எழுந்து ஓடுவானா?" மறுபடியும் குனிந்தார். "ஓடுவான்னா ஒடச்சிடுவேன்."

அஜித்குமார் கேட்டுக்கொண்டிருந்தான். கிழங்கிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தான். தட்ட மண் இல்லாத பிறகும் தட்டினான்.

வெயில் ஏறியதும் தீனதயாளன் ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனார். பிச்சைமுத்து கோழிக்குச் சோளம் இறைத்துக்கொண்டிருந்தார்.

"கவுண்டரே, அவனுக்குப் பதிலா நான் நிக்கறேன்."

"நீங்களா?"

"ஆடுன ஆளுதான் நான்."

"அது தெரியும். ஜீவா சொல்லிக்கினே இருப்பான். கட்டையாமே நீங்க." கோழிகளை ஒதுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். "மகனுக்குப் பதிலா அப்பன். சரி. அப்ப ஜீவா எடத்துல முனியன் நிக்கட்டும். அப்பனுக்கு அப்பன்."

"முனியன் பந்து ஒதச்சிருக்காரா?"

"எவன் ஒதச்சான் எங்க காலத்துல? கேளுங்க. முனியன் பந்த எடுத்துக்கினு வருவான். நீங்க வழிய வுட்டுடுங்க. கோலி கிட்டயும் சொல்லிடுங்க. ஒரு கோலு. முனியன் கோலு. அதோட விசிலு. கிடா அறுபடும். சாப்புட்டு எழுந்தா எல்லாம் ஒறவு."

"பசங்க ஒத்துப்பாங்களா?"

"எங்க பசங்க கிட்ட நான் சொல்றேன். முனியன் போட்ட கோலுக்கு மேல அவுனுங்களுக்கு இன்னா வேணும்? ஆனா ஒண்ணு சாரே. கோலு வுழலன்னா நான் யாரையும் புடிக்க மாட்டேன்."

"வுழும்" என்றார் தீனதயாளன்.

"பூட்ஸ் கெடையாது. எல்லாரும் வெறுங்காலு."

"சரி."

திரும்பி வரும்போது உடம்பு லேசாக இருந்தது. ஒன்றும் செய்யாமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான். வாழ்க்கையில் அதைவிடச் சுலபமான ஆட்டம் அவருக்கு வந்ததில்லை. மகனிடம் சொன்னபோது அவன் அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தான்.

"நீங்க வுடுவீங்களா?"

"இன்னாடா கேள்வி இது?"

"இல்ல சார். கேட்டேன்."

மத்தியானம் ஊர் முழுக்கப் பொட்டலில் இருந்தது. டீக்கடைக்காரர் ரெஃப்ரி. ஜீவா விழுந்த இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். அங்கிருந்துதான் ஆட்டம் மறுபடியும் தொடங்க வேண்டும். முனியன் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு வந்தார். மேலே ஜீவாவின் பனியன். வயிற்றில் பிடித்தது. முதுகில் ஒன்பதாம் நம்பர். கூட்டத்தில் சிரிப்பு வந்தது. முனியனும் சிரித்தார். நேற்றிலிருந்து அவர் சிரித்தது அதுதான்.

"சாரு, பந்த எங்க ஒதைக்கணும்?"

"நேரா வாங்க. நேரா கோலுக்கு."

"நீங்க?"

"நான் இப்பிடி ஒதுங்கிடுவேன்."

விசில் ஊதியது. மலைப் பையன் ஒருவன் பந்தை முனியனுக்கு மெதுவாகத் தட்டிவிட்டான். முனியன் தடுமாறி அதைக் காலுக்கு முன்னால் கொண்டுவந்தார். கட்டைவிரலால் குத்தினார். ஓடினார். மறுபடியும் குத்தினார். வரப்பில் கன்றுக்குட்டியைத் துரத்துகிற ஓட்டம். எல்லோரும் விலகினார்கள். ஊர் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது.

தீனதயாளன் இடத்தில் நின்றார். கால் தானாக அகன்றிருந்தது. அதைக் கவனித்துச் சேர்த்துக்கொண்டார். முனியன் வந்தார். வாய் திறந்திருந்தது. கண் பந்தின்மேல். மூச்சு கேட்டது. பந்து தீனதயாளனின் இடது பக்கமாக உருண்டு போனது. அவர் விட்டார். நல்லது என்று நினைத்தார். முனியனின் தோள் அவருடைய வலது பக்கம் உரசியது. வியர்வை நாற்றம். ஒரு ஆள் தாண்டிப் போகிறான்.

கால் போனது.

அவர் அனுப்பவில்லை. அது போனது. முனியன் ஊன்றிய கால் எது என்று அதற்குத் தெரிந்திருந்தது. இடுப்பு திரும்பியது, எடை இறங்கியது, எல்லாம் அதன் அதன் இடத்தில் சரியாக நடந்தது. அவருடைய கணைக்கால் முனியனின் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே போய்ச் சேர்ந்தது. சத்தம் நேற்றைவிடச் சின்னதாக இருந்தது.

முனியன் முகம் குப்புற விழுந்தார். பாதம் வேறு பக்கம் பார்த்தது.

பந்து நிற்கவில்லை. கோல்கீப்பர் சொன்னபடி ஒதுங்கி நின்றான். அது அவனைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, மெல்ல உருண்டு, பலா மரத்தடியில் கிடாவின் முன்னங்காலில் முட்டி நின்றது. கிடா மோந்து பார்த்தது.

முனியன் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார். வாயெல்லாம் மண்.

"உள்ள பூந்துச்சா?" என்றார்.



தீனதயாளன் விழுந்து உட்கார்ந்த இடத்திலிருந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் கழி தோளில் விழுந்தது. இரண்டாவது பிடரியில். மண்ணில் சாய்ந்தார். யாரோ இடுப்பில் உதைத்தார்கள். விலா எலும்பு உள்ளே போய் வந்தது. வாயில் உப்புக் கரித்தது. காலையில் சீவிய மூங்கில் கழி மேலே எழுவது தெரிந்தது. ஒருவன் அவருடைய வலது காலை இழுத்து ஒரு கல்லின்மேல் வைத்தான். இன்னொருவன் பாதத்தை அழுத்திப் பிடித்தான்.

"அப்பா."

அஜித்குமார் கோட்டுக்கு வெளியிலிருந்து ஓடி வந்தான். கிரவுண்டில் அவன் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவனை இரண்டு பேர் பிடித்து மடக்கினார்கள்.

"நிறுத்துங்கடா."

இசைவாணி. கொல்லையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். கொடுவாள் கையிலேயே இருந்தது. அப்பாவைப் பார்த்தாள். குனிந்து அவர் வாயிலிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தாள். பாதத்தைப் பார்த்தாள். எழுந்தாள்.

"கால்ல அடிக்காதீங்க."

"இன்னா சொல்ற நீ? ஒங்கப்பன் கால ஒடச்சவன்."

"மேல எங்கனா அடிங்க. கைய வுட்டுட்டு, கால வுட்டுட்டு எங்க வேணா அடிங்க. நான் கேக்கல." மூச்சு வாங்கினாள். "நாளைக்கு லாரி வருது. பாதிக் கொல்ல நிக்குது. எங்க வூட்ல இப்ப காலு இல்ல."

மூங்கில் கழி நின்ற இடத்திலேயே நின்றது. பிடித்திருந்தவன் ஊர்க்கவுண்டரைப் பார்த்தான்.

பிச்சைமுத்து மரத்தடிக்குப் போய்ப் பந்தை எடுத்துப் பார்த்தார். ஒரு பந்தில் என்ன பார்க்க இருக்கிறதோ, அதை நேரம் எடுத்துப் பார்த்தார்.

"கோலு கோலுதான்" என்றார். "கிடாவ அவுருங்க."

காலைக் கல்லிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்தவன் கடைசியாக ஒருமுறை வயிற்றில் மிதித்துவிட்டுப் போனான்.

மத்தியானம்தான் மலையேறித் திரும்பியிருந்த ஜீப்பில் முனியனை ஏற்றினார்கள். ஜீப் அதே வழியில் இறங்கியது. கிடாவை அறுத்தார்கள். கறி வெந்ததும் வழக்கப்படி இரண்டு அணியும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். மூங்கில் கழிக்காரனுக்குப் பக்கத்தில் தீனதயாளனுக்கு இலை போட்டார்கள். ஒரு கண் மூடிப்போயிருந்தது. கறி வாயில் ரத்தத்தோடு கலந்தது. பக்கத்து இலைக்காரன் எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னான்.

"சாப்புடுங்க சாரே. தின்னாம எழக் கூடாது."

தின்றார்.

கை கழுவியதும் இசைவாணி முன்னால் நடந்தாள். தீனதயாளன் பின்னால் நடந்தார். அவருக்குப் பின்னால் அஜித்குமார். கொல்லை மேட்டில் வெயில் சாய்ந்திருந்தது. அவள் கொடுவாளை அஜித்குமாரிடம் கொடுத்தாள்.

"நீ செடிய வெட்டிக்கினே போ. அவுரு புடுங்கட்டும்."

அஜித்குமார் வெட்டிக்கொண்டு போனான். அப்பா பக்கம் திரும்பவில்லை. தீனதயாளன் முதல் கட்டையைப் பிடித்தார். காலையில் உரிந்த இடத்தில் செடியின் பால் பட்டு எரிந்தது. இழுத்தார். விலாவில் குத்தியது. கட்டை அசையவில்லை. மறுபடியும் இழுத்தார்.

இசைவாணி வரப்பில் கூடையை வைத்துவிட்டு நின்று பார்த்தாள்.

"கால அகட்டி நில்லுங்க சார்" என்றாள். "ஒங்களுக்குத் தெரியாததா?"